நாற்பதில் தொடங்கும் சத்தம்

சத்தம் சரியாக நாற்பதில் தொடங்கியது.

முப்பத்தெட்டில் இல்லை. முப்பத்தொன்பதில் இருந்ததா என்றால் சந்தேகம்தான். வேக முள் நாற்பதைத் தொட்டதும் காரின் பின்பக்கம், இடது மூலையிலிருந்து, மூக்கால் இழுத்த மாதிரி மெல்லிய 'ங்ங்ங்' ஒன்று கிளம்பியது. ஐம்பதில் அது தெளிந்தது. ஐம்பத்தைந்தில் சுருதி ஏறியது. முன்னால் சிவப்பு விளக்கு விழுந்து வேகத்தைக் குறைத்ததும், தானும் கூடவே இறங்கி, வண்டி நிற்கும்போது அடங்கிப்போனது.

மறுபடி சாருக்கு உடனே மாமனார் ஞாபகம் வந்தது.

மறுபடி சார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. மின்விசிறித் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். வரிசையின் கடைசியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, முடிந்து வரும் ஒவ்வொரு விசிறியையும் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். முனகினால் சிவப்பு ஸ்டிக்கர். முனகாவிட்டால் பச்சை ஸ்டிக்கர். ஆனால் பச்சையை உடனே ஒட்டிவிட மாட்டார். "மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்பார். பதினான்கு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை இதையே சொன்னால் தொழிலாளர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அப்பேர்ப்பட்ட காதுக்குச் சொந்தக்காரரின் காரிலேயே முனகல். அதுவும் புது ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் தம் கையாலேயே மாட்டி இரண்டே நாளில்.

பின் இருக்கையில் இடது ஜன்னலோரம் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துக்கடைப் பை. மகள், அதாவது மறுபடி சாரின் மனைவி, மாடிப்படியில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டதால், மூன்று வாரமாக வந்து தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். பேச்சு குறைவு. மாப்பிள்ளையிடம் பேச்சு இன்னும் குறைவு.

"அத்தை, உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வண்டி சிக்னலில் நின்றிருந்தது.

"ஒண்ணும் கேக்கலையே மாப்பிள்ளை" என்றார்.

மாமனாரைப் பற்றிச் சொன்னால்தான் அந்த ஞாபகத்தின் காரணம் விளங்கும்.

கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நாளுக்கு ஐந்து நிமிடம் பிந்துகிறது என்று மறுபடி சார் தாமாகவே முன்வந்து அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினார். கடிகாரம் ஓடத்தான் செய்தது. ஆனால் மேஜைமேல் இரண்டு பல்சக்கரங்கள் மிஞ்சிவிட்டன. மறுநாள் காலை பதினொன்று ஏழுக்குக் கடிகாரம் நின்றது; நின்றது நின்றதுதான். மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். கோபத்தைக்கூட வீணாகச் செலவழிக்க மாட்டார். அந்த இரண்டு சக்கரங்களையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கூடத்து அலமாரியில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தார். எட்டு வருடமாக வருகிற போகிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்கிறார்கள். "மீதி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பார்வைக்குப் பயந்தே மறுபடி சார் மாமனார் வீட்டுக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குப்பியை அலமாரியிலிருந்து இறக்கிவிட வேண்டும். அதற்குத்தான் இந்த ஸ்டீரியோ.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காரடியில் கிடந்தார். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயரை இழுத்து, நடுவில் ஃப்யூஸ் போட்டு, வலது ஓரமாகக் கொண்டுவந்து, முன் இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினார். பாட்டு வருகிற வயரை இடது ஓரமாகக் கொண்டுவந்தார். இரண்டும் ஒன்றை ஒன்று உரசக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கறுப்பு எர்த் வயரைத் தரையில் ஒரு போல்ட்டில் முடுக்கினார். எல்லாம் முடிந்து, பிரித்த திருகாணிகளை மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. சந்தோஷம் தாங்காமல் மாமனாருக்கு அங்கிருந்தே போன் போட்டார்.

"நல்லது மாப்பிள்ளை. மீதி எத்தனை?" என்றது போன்.

"ஒண்ணும் இல்லை மாமா."

எட்டு வருடத்தில் மாமனார் பதில் தேடியது அதுவே முதல் தடவை. பிறகு, சனிக்கிழமை மாலை ஐந்து மணி ரயிலில் அத்தையை அழைத்துப் போக வருகிறேன், ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் உங்கள் காரிலேயே பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போக வர பாட்டை உரக்க வைத்து ஓட்டினார். எந்தக் குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை இந்த முனகல்.

புதன்கிழமை காலை ஆடியோ கடைக்காரருக்குப் போன் செய்தார். வண்டி வேகத்தோடு ஏறி, வேகத்தோடு இறங்குகிற சத்தமா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றதும் மருத்துவர் போல ஒரு 'ம்' போட்டார்.

"என்ஜின்கூட ஏறி இறங்குற சத்தம்னா எர்த் சரியில்லைன்னு அர்த்தம் சார். பெயின்ட் மேல முடுக்கியிருப்பீங்க. சுரண்டிட்டு முடுக்குங்க."

சாயங்காலம் சுரண்டினார். தகரம் பளபளவென்று தெரிகிற வரைக்கும் சுரண்டி, முடுக்கி, இழுத்துப் பார்த்தார். இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். எப்படி ஓட்டிப் பார்ப்பது என்பதில்தான் தரப் பரிசோதகர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். அவர் அறையின் சுவரில் தம் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிற விதி: 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்ற நிலைமை எதையும் மாற்றாதே.'

எர்த்தை மாற்றியாயிற்று. ஆகவே மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமை இருந்தபடியே இருக்க வேண்டும். அதே சாலை. அதே நேரம். காரில் அதே பாரம். அதாவது அத்தை. இடது பின் இருக்கை. மடியில் அதே மருந்துக்கடைப் பை.

மறுபடி சார் சமையலறை வாசலில் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, கொஞ்சம் காரில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். மாமியாருக்கு நம்ப முடியவில்லை. எட்டு வருடத்தில் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதெல்லாம் தண்ணீர் ஒன்றுதான். அடுப்பை அணைத்துவிட்டு உடனே வந்து ஏறினார்.

ஸ்டீரியோவைப் போட்டுப் பாட்டை மட்டும் நிறுத்தி வைத்தார். ஸ்டீரியோவையே அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குத் தோன்றும், அவருக்குத் தோன்றாது. விசிறியை நிறுத்திவிட்டு 'சத்தம் இல்லை' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கிற மனிதர் அவர்.

நாற்பதில் 'ங்ங்ங்' வந்தது.

எர்த் சுரண்டியது போதவில்லையோ என்று வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். அறுபதில் அது 'ங்ங்ங்' இல்லை, 'ஈஈஈ'. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மாமியார் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று மறுபடி சாருக்கு மனசு நெகிழ்ந்தது.

வீட்டுக்கு வந்து, சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த மனைவியிடம் அந்தச் சத்தத்தை மூக்கால் செய்து காட்டினார். அவள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுவா? அது கார்னா வரத்தானே செய்யும். எங்க அப்பா கார்லயும் வரும். சின்ன வயசிலேருந்து கேட்டிருக்கேனே."

உங்கள் அப்பா கார் ஓட்டைக் கார், அதில் எல்லாம் வரும் என்று சொல்ல வாயெடுத்து, மாமியார் தம்ளரோடு வருவதைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். நோட்டில் எழுதினார்: 'புதன். எர்த் சுரண்டியது. 40-ல் தொடக்கம். 60-ல் மோசம்.'

வியாழக்கிழமை அத்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கடைக்கே கொண்டுபோனார். போகிற வழியில் சத்தம் வந்ததால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட. மருத்துவரிடம் போகும்போது காய்ச்சல் இறங்கிவிட்டால் எவ்வளவு அவமானம். கடைக்காரர் மாமியாருக்கு ஒரு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மறுபடி சாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தாமே ஓட்டினார். எண்பது வரை போனார். கார் கோயில் மாதிரி அமைதியாக இருந்தது.

"சுத்தமா இருக்கே சார். வேலை பிரமாதம். நீங்க எங்க கடைக்கே வந்துடலாம்."

திரும்பி வீட்டுக்கு வரும் வழியில், இரண்டாவது திருப்பம் தாண்டி, நாற்பதில், இடது மூலையிலிருந்து, பழைய நண்பன் மாதிரி வந்து சேர்ந்துகொண்டது.

மறுபடி சார் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டார். இப்போது வருகிறது என்றார். முப்பது வருடம் ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்தவருக்குக் காது என்ன கேட்கப் போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைக்காரர், அப்படியென்றால் லெவல் சரியில்லாமல் இருக்கும், ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு இருக்கிறதே, அதை அளவுக்கு மேல் ஏற்றினால் இல்லாத சத்தமெல்லாம் பெரிதாகிக் கேட்கும் என்றார். முறையும் சொன்னார். ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்குக்கு வைக்க வேண்டும். கெயினை அடியோடு இறக்கிவிட்டு, பாட்டைப் போட்டு, மெதுவாக ஏற்ற வேண்டும். பாடகர் குரல் கரகரக்கத் தொடங்கியதும் ஒரு மயிரிழை பின்னால் திருப்பி நிறுத்த வேண்டும். ஆனால் திருகு இருக்கைக்கு அடியில் இருப்பதால் ஓர் ஆள் திருப்ப வேண்டும், இன்னோர் ஆள் மேலே உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னோர் ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில், மறுபடி சார் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தார். கால் இரண்டும் வெளியே. கையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். பின் இருக்கையில் மாமியார், மடியில் பை.

"குரல் கரகரன்னு ஆனதும் 'போதும்'னு சொல்லுங்க அத்தை."

"சரி மாப்பிள்ளை."

பாட்டு மெல்ல எழுந்தது. திருகைக் கொஞ்சம் ஏற்றினார்.

"போதுமா அத்தை?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

இன்னும் கொஞ்சம். கார்க் கதவுகள் அதிர்ந்தன. "இப்போ?" நீங்கள் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும் என்ற பதில் பாட்டுக்கு நடுவே பாதி கேட்டது. மாப்பிள்ளையைப் பார்த்துப் 'போதும்' என்று எப்படிச் சொல்வது? சாப்பாட்டுத் தட்டில்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. சோறு போட்டுக்கொண்டேதான் இருப்பார். மறுபடி சாரோ, பரிசோதனையில் சாட்சி சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்று ஏற்றிக்கொண்டே போனார். பக்கத்துக் கார்களின் அலாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. மாடியிலிருந்து ஒருவர் முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். காவலாளி ஓடி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களில் ஒன்றைத் தட்டி, சார் உயிரோடு இருக்கிறாரா என்று மாமியாரிடம் கேட்டார்.

அதன்பிறகு மறுபடி சார் தாமே ஏறி இறங்கி, இருக்கைக்கும் திருகுக்குமாக இருபது தடவை அலைந்து, ஒரு வழியாக லெவலை நிறுத்தினார். பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்டது. மாமனார் காதில் இது விழுந்தால் குப்பி அன்றைக்கே இறங்கிவிடும். அந்த நம்பிக்கையோடு பாட்டை நிறுத்தி, முன் இருக்கையில் உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே என்ஜினை முடுக்கினார். எதிரே இரண்டடியில் சுவர், பின்னால் அத்தை.

'ங்ங்ங்' என்றது. இன்னும் முடுக்கினார். 'ஈஈஈ' என்றது.

கெயினைப் பாதியாக இறக்கினார். வந்தது. அடியோடு இறக்கினார். இம்மியும் குறையாமல் வந்தது.

அவர் நோட்டை எடுத்து எழுதினார். கெயினைப் பூஜ்யமாக்கியும் சத்தம் வருகிறதென்றால், அது ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தாண்டி, ஸ்பீக்கருக்குப் போகிற வயரில் எங்கேயோ நுழைகிறது. கணக்கு அப்படித்தான் சொல்லியது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் தரைவிரிப்பைத் தூக்கி, அந்த வயர்களை வேறு வழியாக இழுத்தார். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில் எந்த வயரை எந்தத் தகரத்தில் நசுக்கினாரோ, 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு ஃப்யூஸ் போயிற்று. மாற்றினார். அதற்கப்புறம் காருக்குள் இருக்கிற விளக்கு அணைய மறுத்தது. இடது பின் ஜன்னல் பாதியில் இறங்கி நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தரைவிரிப்பைத் திரும்பப் போட்டபோது நான்கு பிளாஸ்டிக் கிளிப்பும் ஒரு திருகாணியும் மிஞ்சின. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமனார் போன்.

"நாளைக்கு ரயில் நேரத்துக்கு வந்துடுமாம் மாப்பிள்ளை. மீதி ஒண்ணும் இல்லையே?"

உள்ளங்கையில் இருந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டே, இல்லை மாமா என்றார் மறுபடி சார். பதினான்கு வருடத் தொழிலில் தெரிந்தே ஒட்டிய முதல் பொய்ப் பச்சை ஸ்டிக்கர் அது.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி மட்டும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கார் என்றாலே ஆகாது, அப்பா கூப்பிட்டால்கூட நாலு தடவை யோசிப்பாள், உங்களோடு மட்டும் தினமும் எப்படி வருகிறாள் என்றாள். அது ஒன்றுதான் அந்த வாரம் மறுபடி சார் காதில் விழுந்த நல்ல வார்த்தை.

சனிக்கிழமை விடுப்புப் போட்டார். காலையில் அதே சாலை, அதே அத்தை, அதே பை. பாதி திறந்த ஜன்னல் வழியாகக் காற்று மாமியார் முகத்தில் அறைந்தது. சத்தம் முப்பதிலேயே தொடங்கிவிட்டது. நாற்பதில் அறுபதின் சத்தம். பக்கத்தில் ஒரு லாரி கடந்தபோது, சத்தம் ஒரு கணம் அடைத்து நின்று, பிறகு இரண்டு கட்டை மேலே போய்த் தொடங்கியது. மறுபடி சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, உடம்புக்கு முடியலையா?" என்று மாமியார் பதறினார்.

"உங்களுக்கு நிஜமாவே எதுவும் கேக்கலையா அத்தை?"

மாமியாருக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்கிறாரே, ஒரு தடவையாவது கேட்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாரோ என்னவோ.

"கேக்குற மாதிரிதான் இருக்கு" என்றார் தயங்கி.

அது போதும். சாட்சியும் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்து இடது பின் கதவின் ஸ்பீக்கரைக் கழற்றினார். பலன் இல்லை. வலது ஸ்பீக்கரைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றி ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தார். மாமியார் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் வந்தார். மூன்று மணிக்கு மறுபடி சார் ஒரு முடிவுக்கு வந்தார். குறையுள்ள பொருளை வெளியே அனுப்புவதைவிட அனுப்பாமலே இருப்பது மேல்.

ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார். தடித்த சிவப்பு வயர், கறுப்பு வயர், பாட்டு வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் உருவி எடுத்தார். கடைசியில் முன்பலகையிலிருந்து ஸ்டீரியோவையும் பிடுங்கினார். எல்லாவற்றையும் தம் தொழிற்சாலை விசிறி வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டு வீட்டு மூலையில் வைத்தார். முன்பலகையில் இருந்த ஓட்டையின் மேல் ஒரு கைத்துண்டை மடித்துத் தொங்கவிட்டார். பாதி ஜன்னலைக் கையால் தூக்கி டேப் ஒட்டினார். மணி நாலே கால்.

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மறுபடி பார்க்காமலே கிளம்பினார். கதவைத் திறந்தபோது, இடது பின் இருக்கையில் மாமியார் மருந்துக்கடைப் பையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் கழித்துக் கணவரைப் பார்க்கப் போகிறார், வராமல் எப்படி?

ஸ்டேஷன் வரைக்கும் ஊர்ந்துதான் போக முடிந்தது. முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. சத்தம் மூச்சு விடவில்லை. போனது மானம்தான், தலைவலியாவது தீர்ந்ததே என்று மறுபடி சார் பெருமூச்சு விட்டார்.

மாமனார் ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கி வந்தார். மனைவியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. மாப்பிள்ளையிடம் சுகமா என்று கேட்டுவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். பிறகு கைத்துண்டைப் பார்த்தார். அதன் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கி, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, தூக்கிய மாதிரியே மெதுவாகத் திரும்பப் போட்டார். காருக்குள் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்ததையும் பார்த்தார். டேப் ஒட்டிய ஜன்னலையும் பார்த்தார்.

"மீதி எத்தனை மாப்பிள்ளை?"

"எல்லாமே மாமா" என்றார் மறுபடி சார்.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நாற்பதில் தொடங்குகிற சத்தம், எர்த், கெயின், ஃப்யூஸ், நேற்றுச் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் ஸ்டேஷன் வாசலிலேயே கொட்டிவிட்டார். மாமனார் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில், ஒவ்வொரு தடவையும் அத்தையையும் கூட்டிப் போனீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிலைமை மாறக் கூடாதில்லையா மாமா என்றார் மறுபடி சார். மாமனார் 'சரிதான்' என்று சொல்லிவிட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இனி அந்த வீட்டில் இரண்டாவது குப்பிக்கு இடம் ஒதுக்கிவிடுவார்கள் என்று மறுபடி சார் நினைத்துக்கொண்டார். குப்பி போதாது. அட்டைப்பெட்டியையே வைக்க வேண்டியிருக்கும்.

நெரிசலைத் தவிர்க்கப் புறவழிச்சாலையில் ஏறினார். சாலை காலியாக இருந்தது. சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று காலை அழுத்தினார். முப்பது. முப்பத்தைந்து.

நாற்பதில் தொடங்கியது.

ஸ்டீரியோ வீட்டு மூலையில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பக்கத்தில். ஒரு வயர் துண்டுகூட இந்தக் காரில் இல்லை. இடது மூலையில் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது. ஒன்று, இந்தக் காரில் பேய் இருக்க வேண்டும். இல்லை, பதினான்கு வருடம் விசிறி கேட்டுக் கேட்டுத் தம் தலைக்குள்ளேயே ஒன்று முனகத் தொடங்கியிருக்க வேண்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாத கால் அழுத்திய இடத்திலேயே கிடந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து. 'ங்ங்ங்' தெளிந்து, நீண்டு, 'ஈஈஈ' ஆயிற்று.

"அறுபத்திரெண்டு" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

மறுபடி சார் குனிந்து பார்த்தார். முள் அறுபதைத் தாண்டி ஒரு கோடு மேலே நின்றது. பயத்தில் காலை எடுத்தார். வேகம் இறங்கியது, சத்தமும் படி இறங்குவது போல இறங்கி வந்து, ஓய்ந்தது.

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு எப்படி..."

மாமனார் தலையை மெல்லப் பின் இருக்கைப் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"என் கார்ல வேகம் காட்டுற மீட்டர் நின்னு பன்னெண்டு வருஷம் ஆச்சு மாப்பிள்ளை. பின்னாடி உங்க அத்தை பயத்துல முனகுறதைக் கேட்டுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."